பதினேழு இல்லாத ஸ்கேல்

கட்டிங் ஹாலில் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் பேச்சுக்கே இடமில்லை. மருத்துவமனைக் கோட்டு, பள்ளிக்கூடச் சீருடை, சமையல்காரர்களின் ஏப்ரன் என்று எது வந்தாலும் சரி. எண்பது அடுக்குத் துணியை மேஜைமேல் விரித்து, சாக்கால் கோடு போட்டு, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டாள் என்றால் அப்புறம் கடவுளே வந்து 'கொஞ்சம் பொறு' என்றாலும் நிறுத்த மாட்டாள். ஆமாம், மாஸ்டர் ஒரு பெண்தான். வயது நாற்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'மாஸ்டரம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். "எனக்கு வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களைச் சமாளிக்கவே நேரம் பத்தல. வெறும் மாஸ்டர் போதும்" என்றுவிட்டாள். அன்றிலிருந்து முதலாளியம்மா உட்பட எல்லோருக்கும் மாஸ்டர்தான்.

அவள் ஏப்ரனில் இடது பக்கம் நீளமாக ஒரு பை தைத்திருப்பாள். அதில் ஒரு பித்தளை ஸ்கேல். முழங்கை நீளம், விரல் அகலம், தேய்ந்து தேய்ந்து பொன்னாக மின்னும். கட்டிங் ஹாலில் கத்திரிக்கோலைக் கேட்கலாம், சாக்கைக் கேட்கலாம், சாப்பாட்டில் பாதியைக்கூடக் கேட்கலாம். அந்த ஸ்கேலை மட்டும் கேட்கக் கூடாது. ஒருதரம், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்கா அவசரத்துக்கு எடுத்துவிட்டாள். மாஸ்டர் போட்ட கூச்சலில் பக்கத்து ஹாலில் மெஷின்கள் நின்றன. "ஒரு தகரத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று அக்கா இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அலட்டல்தான். இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஸ்கேலில் பதினேழு கிடையாது. பதினாறுக்கு அடுத்த கோட்டில் பதினெட்டு நிற்கும். பதினாறு வரைக்கும் நம்பலாம், அதற்கு மேல் எது வந்தாலும் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மாஸ்டருக்கு அந்தக் கழித்தல் மூச்சு விடுகிற மாதிரி. வேறு யாராவது எடுத்து அளந்தால் எண்பது கோட்டும் ஒரு சென்டிமீட்டர் குட்டையாகப் போய், எண்பது டாக்டர்களும் கையை நீட்ட முடியாமல் நிற்பார்கள்.

அதைச் செய்தது அவள் அப்பா. பம்பு தயாரிக்கிற பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவளுக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்து ஸ்கேல் உடைந்துபோனது, மூன்றாவது முறையாக. "பிளாஸ்டிக்கா வாங்குனா உடையத்தான் செய்யும். இரு, உன் கல்யாணத்துக்கு அப்புறமும் உடையாத மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்" என்றார். பட்டறையில் வெட்டிப் போட்ட ஒரு பித்தளைப் பட்டையைக் கேட்டு வாங்கினார். முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் கூரான ஊசியால் கோடுகளை எல்லாம் வரிசையாகக் கீறிவிட்டார். கோடுகள் அத்தனையும் அச்சு அசல், ஒரு மயிரிழை பிசகில்லை. பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் நாலு நாலு எண்ணாக, எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டினார். சனிக்கிழமை பதினாறு. நடுவில் ஞாயிறு. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தவர் பதினேழு போட்டாயிற்று என்ற நினைப்பில் பதினெட்டைத் தட்டிவிட்டார். நாற்பது வந்ததும் மிச்சப் பட்டையை அறுத்து எறிந்து, பிள்ளைக்குக் கை கீறாமல் இருக்க நாலு மூலையையும் அரம் போட்டு உருட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாதி நீளம் ஒழுங்காகவும் மீதி நீளம் பொய்யாகவும் ஒரு ஸ்கேல் பிறந்தது.

அந்த வாரமே மாட்டிக்கொண்டாள். இருபது சென்டிமீட்டரில் கோடு போடச் சொன்னார் கணக்கு டீச்சர். இவள் போட்டது பத்தொன்பது. "உன் ஸ்கேல் தப்பு. வீட்ல சொல்லி வேற வாங்கிட்டு வா" என்றார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் படித்தாள். கண்டுபிடித்துவிட்டாள். வெளியே வந்தால் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், "கடைல வாங்குனதெல்லாம் ஒரு ஸ்கேலாங்க? இதைப் பாருங்க" என்று காற்றில் கைகளை விரித்து நீளம் காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் முப்பத்தொரு வருஷமாகத் திறக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஜன்னலை டேப்பால் அளந்து, திரைத்துணியை அந்த ஸ்கேலால் மூன்று தடவை வைத்து வெட்டி, திரை மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறி நின்றபோது அம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். "துணி தண்ணில சுருங்கிருச்சு" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். துணியை அதுவரை தண்ணீரே தொடவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அப்பா ரிட்டயர் ஆனார். மகள் மாஸ்டர் ஆனாள். அப்பாவுக்கு வேறு வேலை இல்லையா, ஊரெல்லாம் தம்பட்டம்தான். முடி வெட்டுகிற கடையில், பஸ் ஸ்டாப்பில், மருந்துக் கடை வரிசையில், எங்கே நின்றாலும் ஒரே பேச்சு. "என் பொண்ணு கட்டிங் மாஸ்டர். இன்னைக்கு வரைக்கும் நான் செஞ்சு குடுத்த ஸ்கேல்லதான் அளக்குறா. முப்பது வருஷம் பட்டறையில இருந்தேன், என் கையில ஒரு தப்பு வந்ததில்ல." முன்பின் தெரியாதவர்கள்கூடத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். வேறு வழி?

பேச்சு எப்படியோ முதலாளியம்மா காதுக்குப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை அவர் கட்டிங் ஹாலுக்கு வந்தார். கையில் ஒரு வரைபடம், முகத்தில் புது யோசனை. முதலாளியம்மாவின் யோசனை என்றாலே மாஸ்டருக்குக் கொஞ்சம் கிலிதான்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை புது ஹால் திறக்குறோம்ல. வாசல்ல உங்க ஸ்கேலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போறேன். கீழ ஒரு போர்டு. 'ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாத அளவு, எங்கள் அளவு.' எப்படி?"

மாஸ்டரின் கை ஏப்ரன் பையைப் பொத்திக்கொண்டது. "அது எனக்கு வேலைக்கு வேணுமேம்மா."

"புது ஸ்டீல் ஸ்கேல் நாலு வரவழைச்சாச்சு. உங்க அப்பாவே தன் கையால எடுத்துக் குடுக்கட்டும். நேத்தே ஃபோன் பண்ணிட்டேன். சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல."

"யார் யாரெல்லாம் வராங்க?"

"எல்லாரும்தான். மருத்துவமனைக்காரங்க, பள்ளிக்கூடத்துக்காரங்க, அவங்க தர ஆய்வாளருங்க."

தர ஆய்வாளர்கள்! தையலைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணுகிற ஜென்மங்கள். கண்ணாடிக்குள் ஸ்கேலைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? முதல் நிமிஷத்திலேயே ஒருத்தர் 'பதினேழு எங்கே?' என்பார். அப்பா பக்கத்தில் நிற்பார், புதுச் சட்டையோடு, அத்தனை பேர் முன்னால். முப்பது வருஷம் தப்பே வராத கை என்று மார்தட்டிய மனுஷன் ஒரே வார்த்தையில் கூனிப் போவார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை முதலாளியம்மாவின் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். அவரிடம் உண்மையைச் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். புதன்கிழமை ஒரு அரத்தைத் தேடி எடுத்தாள். பதினெட்டிலிருந்து நாற்பது வரைக்கும் எண்களைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் என்ன? கடைசி எண் முப்பத்தொன்பது என்று வரும், யார் கேட்கப் போகிறார்கள்? மெஷின் பழுது பார்க்கிறவரிடம் எண் அச்சுகூட இருந்தது. அரத்தைப் பதினெட்டின்மேல் வைத்தாள். எட்டின் மேல்வட்டம் கீழ்வட்டத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தது. எண்பது அடுக்குத் துணியை யோசிக்காமல் வெட்டுகிற கை அந்த ஒரு எட்டைத் தொட மாட்டேன் என்றது. நாலு தடவை வைத்தாள், நாலு தடவை எடுத்தாள். சீ போ என்று அரத்தைப் பெட்டிக்குள் வீசினாள்.

வியாழக்கிழமை காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போனாள். வருவது வரட்டும், ஊரார் வாயிலிருந்து கேட்பதைவிட மகள் வாயிலிருந்து கேட்கட்டும் என்று முடிவு. துணிச்சல்காரிதான்.

அப்பா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். "வணக்கம். நான் ஒரு சாதாரண ஃபிட்டர்..." என்று ஆரம்பித்தவர் மகளைப் பார்த்ததும் திரும்பினார். "வா பாப்பா. 'சாதாரண'ங்கிறது வேணுமா? பொய் மாதிரி இருக்கு."

"அப்பா, ஒரு நிமிஷம் உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

கட்டிங் ஹால் குரல். அப்பா டக்கென்று உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். மாஸ்டர் ஸ்கேலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "பதினஞ்சுலேருந்து படிங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "பதினஞ்சு. பதினாறு. பதினெட்டு. பத்தொம்..." நிறுத்தினார். நகத்தைப் பின்னால் நகர்த்தினார். "பதினாறு. பதினெட்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினேழு வரவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பத் தெரியும்?"

"அந்த வாரமே."

"ஒம்பது வயசுலயா?"

"ம்."

"நீ?" என்று அம்மாவைப் பார்த்தார்.

"ஜன்னல் திரை போட்ட அன்னைக்கு" என்றாள் அம்மா. "துணி சுருங்கிருச்சுன்னீங்களே, அன்னைக்குத்தான்."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முப்பது வருஷமா முட்டாளாக்கி வச்சிருந்தீங்களா? நான் ஊரெல்லாம் போய்..." ஊரெல்லாம் எங்கெங்கே என்னென்ன பேசினோம் என்று கணக்குப் போடுகிறார் போலிருந்தது. அது நீளமான கணக்கு.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்ப்பா..."

"இதை இங்கயே வச்சுட்டுப் போ."

"அப்பா, நாளைக்கு வேணாம்னா வேணாம். நான் முதலாளியம்மாகிட்டப் பேசிக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"வச்சுட்டுப் போன்னேன்ல." இது பட்டறைக் குரல். மகளுக்கு அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று அம்மாவுக்கு எப்போதும் சந்தேகமே இருந்ததில்லை.

வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் வேலையில் உட்கார்ந்தால் ஏப்ரன் பை வெறுமையாகத் தொங்கியது. கை அடிக்கடி அங்கே போய்த் திரும்பியது. அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. அப்பா அதைச் சரி பண்ணிவிட்டால்? அவரிடம் அரம் இருக்கிறது, அச்சு இருக்கிறது, வீம்பும் கூடுதலாகவே இருக்கிறது. முழுசாகத் தேய்த்துவிட்டுப் புதிதாகத் தட்டிக் கொண்டுவந்து நீட்டினால்? அல்லது கோபத்தில் தூக்கியே எறிந்துவிட்டால்? இத்தனை நாள் அப்பாவை நினைத்துப் பதறியவள் இப்போது ஸ்கேலை நினைத்துப் பதறினாள். சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். "கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. தட்டுற சத்தம் கேக்குது" என்றாள் அம்மா. தட்டுற சத்தம்!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புது ஹாலில் எள் போட இடமில்லை. வெளிச்சமான பெரிய கூடம், இரண்டு வரிசையில் நீள மேஜைகள், வாசல் சுவரில் வெறும் கண்ணாடிச் சட்டம், அதற்குக் கீழே பளபளவென்று அந்த போர்டு. முதல் வரிசையில் மருத்துவமனையின் தர ஆய்வாளர், சதுரக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், போர்டையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வந்தார். புதுச் சட்டை, வாரிய தலை, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். மகள் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளியம்மா பேசி முடித்து, எல்லோரும் கைதட்டி, அப்பாவை முன்னால் அழைத்தார்கள்.

அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றார்.

"வணக்கம். நான் ஃபிட்டர்." 'சாதாரண' போய்விட்டது. "இந்த ஸ்கேல்ல பதினேழு கிடையாது."

கூட்டம் சிரித்தது. ஏதோ ஜோக் என்று நினைத்தார்கள்.

"சிரிக்காதீங்க. சத்தியமா இல்ல. நான்தான் செஞ்சேன், நான்தான் விட்டேன். நேத்துதான் எனக்கே தெரியும்." செய்தித்தாளைப் பிரித்தார். ஸ்கேலைக் கொண்டுபோய் நேராக அந்தச் சதுரக் கண்ணாடி அம்மாளிடமே நீட்டினார். "நீங்களே படிங்கம்மா. நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிருப்பீங்க."

அந்த அம்மாள் வாங்கி உரக்கப் படித்தார். பதினாறு, பதினெட்டு. மாஸ்டருக்கு உயிர் வந்தது. ஒரு எண்ணையும் அப்பா தொடவில்லை. "பின்னாடி ஏதோ இருக்கே" என்றார் அந்த அம்மாள் ஸ்கேலைத் திருப்பி. "அறுபத்திநாலு?"

"அது என் நம்பர்" என்றார் அப்பா. "எங்க பட்டறையில ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு அச்சு குடுத்திருந்தாங்க. நம்ம கையை விட்டுப் போற எதுலயும் நம்ம நம்பரைத் தட்டித்தான் அனுப்பணும். பம்பு ஓடுனாலும் நம்ம பேர்தான், நின்னாலும் நம்ம பேர்தான். ரிட்டயர் ஆன அன்னைக்கு அச்சைத் திருப்பிக் கேட்டாங்க. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன், அது வேற கதை. இந்த ஸ்கேலுக்கு மட்டும் அன்னைக்கு நம்பர் போடல, வீட்டுச் சாமான்தானேன்னு விட்டுட்டேன். நேத்துப் போட்டேன். தப்பு என்னுது. ஒளிச்சு வைக்க மாட்டேன்."

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கூனவில்லை, குறுகவில்லை. முடி வெட்டுகிற கடையில் பேசுகிற அதே மிடுக்கு.

"முப்பது வருஷத்துல எங்க சூப்பர்வைசருங்க எத்தனையோ பேர் என் வேலையில தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தாங்க. ஒருத்தராலயும் முடியல. கண்டுபிடிச்சது இந்தா நிக்கிறாளே, இவதான். ஒம்பது வயசுல. முதலாளியம்மா, போர்டை வேணா மாத்துங்க, ஸ்கேலை மாத்தாதீங்க. இந்தப் பொண்ணு தப்பான ஸ்கேலை வச்சுக்கிட்டே உங்களுக்கு ஒரு கோட்டுகூடத் தப்பா வெட்டாம இருந்திருக்கா. இதை விடவா ஒரு கெட்டிக்காரி வேணும்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஓவர்லாக் அக்கா, "அதான் அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துனியா?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். முதலாளியம்மா முதலில் போர்டைப் பார்த்தார், பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் சிரிப்பதைக் கண்டு தானும் சிரித்துவிட்டார். "மாஸ்டர், நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் முன்னால் வந்தாள். கத்தவேண்டிய இடத்தில் கத்தத் தெரியும், பேசவேண்டிய இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"இப்பவாவது சொல்லு பாப்பா. அன்னைக்கே ஏன் சொல்லல? நான் அழுதுருவேன்னு நினைச்சியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முப்பத்தொரு வருஷமாக அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் நேற்று மத்தியானம் முழுக்க வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்த கை அவளுக்கு வேறு எதையோ சொல்லியிருந்தது.

"இல்லப்பா" என்றாள். "சொல்லியிருந்தா நீங்க திருப்பி வாங்கிட்டுப் போயிருப்பீங்க. சரியா வேற ஒண்ணு செஞ்சு குடுத்திருப்பீங்க. எனக்கு வேற வேணாம்னு இருந்துச்சு. இதுதான் வேணும்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

அத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொன்னபோது ஆடாத தாடை அப்போது ஆடியது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆய்வாளரிடம் போய் ஸ்கேலை வாங்கினார். சுவரில் இருந்த சட்டத்தின் கண்ணாடியைத் திறந்து பிடித்துக்கொண்டு தயாராக நின்ற முதலாளியம்மாவைப் பார்த்து, ரொம்பவும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இதை மாட்ட முடியாது. புள்ளைக்கு வேணுமாம்."